இடப்பக்க ஸ்பிரிங்

குழந்தைவேலின் கார் பந்தயத் தடத்தில் இடப்பக்கம் வளையும்போதெல்லாம் அந்தப் பக்கத்து முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. "இன்னொரு தடவை தூக்குச்சுன்னா உள்ளே விடமாட்டோமுங்க" என்று தடத்துக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

மனைவி வசந்தாமணி இறந்துபோய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் ஒன்றுதான் மனுஷரை வீட்டைவிட்டு வெளியே இழுத்துவந்தது. அதுவும் போனால் டிவியும் சுவரும்தான் துணை, பாவம்.

அவருக்குப் பந்தய வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா. அவரைவிட இருபது வயது சின்னவள். அதனால் என்ன, குரு குருதானே. நேராக அவள் பட்டறைக்குப் போனார்.

"ஸ்வே பாரைத் தடியாப் போட்டுருங்க அம்மணி. வலப்பக்கம் ரொம்பச் சாயுது."

இரண்டு பக்கச் சக்கரங்களையும் கோர்த்து, வண்டியைச் சாயவிடாமல் பிடிக்கும் கம்பி அது.

"தடியாப் போட்டா சக்கரம் இன்னும் தூக்குங்ணா."

"அப்ப மெல்லிசா?"

ஜெசிந்தா நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எடை பார்க்கும் தட்டு வைத்தாள்.

"ஏறி உக்காருங்க."

உட்கார்ந்தார். வலப்பக்கம் தணிந்தது. இடப்பக்கம் மட்டும் விறைத்துக்கொண்டு உயரமாகவே நின்றது.

"இந்தப் பக்கத்து ஸ்பிரிங் மட்டும் ஏனுங்ணா இவ்வளவு கெட்டி?"

"அப்ப வசந்தாவும் கூட வருவா. வாட்சைப் பிடிச்சுக்கிட்டு வளைவுக்கு வளைவு 'மெதுவா, மெதுவா'ன்னு கத்துவா. அவ எடைக்குப் போட்டது."

"அவங்க சீட்டைத்தான் கழட்டிட்டீங்களே."

"காலி சீட்டைப் பாத்துக்கிட்டு ஓட்ட முடியலீங்க."

"ஸ்பிரிங்?"

குழந்தைவேல் இறங்கி ஓரமாக நின்றார்.

ஜெசிந்தா ஜாக்கி கொடுத்தாள். ஸ்வே பாரைத் தொடவே இல்லை. கெட்டி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அதைவிட மெல்லிசாக ஒன்றை எடுத்துவந்தாள்.

"ஐயோ, இருங்க அம்மணி" என்று பதறினார் குழந்தைவேல். "அதைப் போட்டா, அவ ஏறுனதும் வண்டி அடி தரையில தட்டுமே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஐம்பத்தெட்டு வயசு மனுஷர், பட்டறை நடுவே நின்று பொலபொலவென்று கண்ணீர் விட்டார்.

ஜெசிந்தா மெல்லிசு ஸ்பிரிங்கை மாட்டி முடித்தாள். கழற்றிய ஸ்பிரிங்கைத் துணியால் பொறுமையாகத் துடைத்துத் தன் அலமாரியில் வைத்தாள்.

"இது எங்கிட்டயே இருக்கட்டுங்ணா. என்னைக்காவது அடி தரையில தட்டுச்சுன்னா வாங்க, நானே திருப்பி மாட்டித் தர்றேன்."