பேட்டரி தீரும் வரை

கேளுங்கள், இது இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக விடுதியில் நடந்தது. ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொண்ட மூன்று பெண்கள்: இதழியல் படிக்க வந்த கீழக்கரை நஸீமா, நாகர்கோவில் பிரிசில்லா, லண்டனில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை துவாரகா.

அந்த நாட்டில் தொலைக்காட்சியின் நேரடி ஒளிபரப்பைப் பார்க்க உரிமம் வேண்டும். மடிக்கணினியில் பார்த்தாலும் வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் பெரிய அபராதம். விடுதியில் அவரவர் தனி ஒப்பந்தம் போட்டிருப்பதால் ஒவ்வோர் அறையும் சட்டப்படி ஒரு தனி வீடு. அதற்கொரு தனி உரிமம். கீழே பொது அறைத் தொலைக்காட்சிக்கு மட்டும் விடுதியே உரிமம் வாங்கியிருந்தது. உரிமம் இருந்தது, தொலைக்காட்சிதான் இல்லை. பழுது என்று கழற்றிக்கொண்டு போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

விதியில் ஒரு சிறு சலுகையும் உண்டு. வீட்டை விட்டு வந்து படிக்கும் மாணவரின் பெற்றோரிடம் உரிமம் இருந்தால், அவர் தன் கணினியில் பார்க்கலாம். ஆனால் அது பேட்டரியில் மட்டுமே ஓட வேண்டும். சார்ஜரைச் சுவரில் சொருகியிருக்கக் கூடாது. துவாரகாவின் பெற்றோரிடம் உரிமம் இருந்தது. கீழக்கரையில் இருக்கும் நஸீமாவின் வாப்பாவிடம் எப்படி இருக்கும்? தனியாக ஒன்று வாங்க அவளிடம் பணமும் இல்லை.

நஸீமாவுக்கு ஒரு தேர்வுக் கட்டுரை. நகர மன்றம் ஒரு நூலகத்தை மூடலாமா என்று வாக்கெடுக்கும் கூட்டத்தைத் தொலைக்காட்சியின் நேரடி ஒளிபரப்பில் பார்த்து, முடிவை அறிவிக்கும் நொடியில் அவையில் கண்டதை எழுதி, ஒரு மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் அந்தப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

"நான் என்ர கணினியில பாக்கிறன். நீ பக்கத்தில இருந்து எழுது," என்றாள் துவாரகா.

பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கியது. உறுப்பினர்கள் பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் தன் பால்வாடிப் பருவத்திலிருந்து ஆரம்பித்தார்.

"இந்த மனுஷன் எங்க ஊர்ல நின்னா ஜெயிச்சிடுவாருடி," என்றாள் நஸீமா.

ஒருவழியாக வாக்கெடுப்பு முடிந்து தலைவர் எழுந்தபோது, பேட்டரியில் மிச்சம் ஒரு சதவீதம்.

தேநீரோடு உள்ளே வந்த பிரிசில்லா அதைப் பார்த்தாள். சார்ஜரை எடுத்துச் சுவரில் சொருகினாள்.

"பிரிசி, விதி!" என்றாள் நஸீமா.

"ஒரு நிமிஷந்தானட்டி? செவுத்துக்கு என்ன கண்ணா இருக்கு?"

"விடு நஸீமா," என்றாள் துவாரகா. "பிடிச்சா என்னைத்தான் கேப்பினம். நான் பாத்துக்கொள்ளுறன்."

நஸீமா சார்ஜரைப் பிடுங்கினாள். தலைவர் வாயைத் திறந்தார், திரை கறுத்தது.

"உனக்காகத்தானட்டி இவ்வளவும்!" என்று பிரிசில்லா கத்தினாள்.

தோழிக்காகச் சொருகியவள் ஒருத்தி. தோழிக்காகப் பழியை ஏற்க முன்வந்தவள் ஒருத்தி. யாருக்குத் தேவையோ அவளே பிடுங்கினாள். நீங்களே சொல்லுங்கள், மூவரில் யார் செய்தது சரி?

விடை: நஸீமா செய்ததே சரி. அவள் மதித்த விதி அசட்டு விதிதான். அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் பிரிசில்லா துணிந்தது இன்னொருத்தியின் தலைக்கு வரும் ஆபத்தில். துவாரகா தன் தலையையே கொடுத்தாள், அது பெருந்தன்மை. அப்படிக் கொடுக்கிறவள் தன்னைத் தடுத்துக்கொள்ளமாட்டாள், அதனால் பெறுகிறவள்தான் தடுக்க வேண்டும். நஸீமா அடுத்த பருவத்தில் அந்தப் பாடத்தை மறுபடி படித்தாள். மற்ற இருவரும் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அதையும் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.