முதல் தண்ணீர்

மாசிலாமணி மடத்துக்குத் திரும்பியபோது காலை எட்டு மணி. கால் கழுவுவதற்கு முன்பே அவர் குரல் மாட்டுக்கொட்டகைவரை கேட்டது.

“என் ஜாடியை எவன் தொட்டான்?”

எவன் என்பது அவருக்குத் தெரியும். வரும் வழியில் பஸ் கண்டக்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மலைப்பாதையில் மண் சரிந்து, மேலேயே மாட்டிக்கொண்ட அந்தக் கண்டக்டரும் மடத்தில் ஒரு டம்ளர் டீ குடித்திருந்தாராம். தெரிந்தும் மாசிலாமணி கேட்டார். சமையற்கட்டில் வேலப்பன் பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது.

ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேரே ஞானவல்லி அம்மாவின் அறைக்குப் போனார். மடத்தின் தலைவி அவர். மாசிலாமணியைவிடப் பதினைந்து வயது இளையவர். எஸ்டேட் ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற மாசிலாமணி, அந்த அம்மாவிடம்தான் பாடம் கேட்டுவந்தார்.

“அம்மா, இன்னிக்கு ஒரு முடிவு பண்ணுங்க. இந்த மடத்துல ஒண்ணு வேலப்பன் இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்.”

“உட்காருங்க. பஸ் வந்துச்சா?”

“வந்துச்சு. நேத்து சாயங்காலம்தான் மண்ணை அள்ளி ரோட்டைத் திறந்தாங்களாம். அதுவரைக்கும் கீழே தங்கச்சி வீட்டுல மாட்டிக்கிட்டுக் கிடந்தேன். அதை விடுங்க, இதைப் பாருங்க.”

ஜாடியைத் தட்டில் கவிழ்த்தார். அடியில் தங்கியிருந்த ஒரு பிடித் தேயிலை கன்னங்கரேலென்று விழுந்தது.

கடையில் கிடைக்கும் தேயிலை அல்ல அது. மடத்தை ஏற்படுத்திய பெரியவர் பர்மாவில் பழகிக்கொண்டு வந்த வழக்கம். இலையை நனைத்துக் குவித்து, ஈரச் சாக்கால் மூடிப் புளிக்கவைப்பார்கள். குவியலுக்குள் கை வைத்தால் சுடும். கறுத்து, ஆறி, உலர்ந்த பிறகு செண்பகப் பூவைக் கலப்பார்கள். மாலையில் கலந்த பூவை விடியலில் ஓர் இதழ் விடாமல் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். வாடிய இதழ் ஒன்று தங்கினாலும் கசந்துபோகும். மறுநாள் மாலை மறுபடி புதுப் பூ.

மாசிலாமணி ஒரு பூக்காலம் முழுக்க இதைச் செய்தார். பிறகு ஜாடியின் வாயை மெழுகால் அடைத்து மூன்று வருஷம் பொறுத்திருந்தார். வருகிற வாரம் குருபூஜை. அன்றைக்குத் திறந்து, முதல் கிண்ணத்தை அம்மா கையில் கொடுப்பதாக இருந்தார்.

“பால் ஊத்தியிருக்கான், அம்மா! பால்! சர்க்கரையை அள்ளிக் கொட்டி, இஞ்சியைத் தட்டிப் போட்டு, அண்டாவுல வச்சுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சியிருக்கான்!”

அம்மா தட்டில் இருந்த தேயிலையை ஒரு மண் கெண்டியில் போட்டார். அடுப்பில் இருந்த வெந்நீரை அதில் ஊற்றினார்.

“லாரியில கிளீனரா இருந்தவன். அவனுக்கு டீன்னா என்ன தெரியும்? சுடணும், இனிக்கணும், அவ்வளவுதான்! டீத்தூள் தீர்ந்துபோச்சாம். தீர்ந்துபோச்சுன்னா சுக்கைத் தட்டிப் போடு, யார் வேண்டாம்னா? மெழுகைக் கத்தியால கீறியிருக்கான், அம்மா. மெழுகு வச்சு மூடினதை எவனாவது திறப்பானா?”

வாசல்படி அருகே வேலப்பன் வந்து நின்றார். கையெல்லாம் சாம்பல்.

“அண்ணே, ரோட்டுல மண்ணு அள்ளினவங்க இருபது பேரு. மழையில தொப்பலா நனைஞ்சு வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு நின்னாங்க...”

“நீ பேசாதடா!”

“உங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன்ல?”

“மிச்சமா? என் ஜாடியில எனக்கு மிச்சமா? கேட்டீங்களா அம்மா, இவன் எனக்கு மிச்சம் வைக்கிறானாம்! போடா உள்ளே!”

வேலப்பன் போய்விட்டார். மாசிலாமணிக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. வேலப்பன் உப்பைக் கொட்டியது, மாட்டைக் கட்டாமல் விட்டது, பாடம் கேட்கும்போது குறட்டை விட்டது, எல்லாவற்றையும் தேதியோடு சொன்னார். அம்மா கெண்டியைச் சாய்த்துக் கிண்ணத்தில் ஊற்றினார். கிண்ணத்தை எடுத்து வாயில் வைத்தார்.

மாசிலாமணி பதறிப்போனார்.

“அம்மா! அது முதல் தண்ணி!”

“ஆமா.”

“வாசல் கல்லுல கொட்ட வேண்டியதும்மா! சாக்கு நாத்தம், தூசி, குவியல்ல இருந்த காரம் எல்லாம் அதுலதான் இறங்கும். அதைப் போய் யாராவது குடிப்பாங்களா?”

அம்மாவின் முகம் சுளித்தது. கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

“எல்லாம் இருந்துச்சு,” என்றார். “இப்போ இரண்டாவதை ஊத்துங்க.”

மாசிலாமணி கெண்டியை எடுக்கக் கை நீட்டினார். அம்மா அதைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“இதுல இருந்து இல்லை. உங்ககிட்ட இருந்து.”

மாசிலாமணி வாயைத் திறந்தார். வேலப்பனைப் பற்றிச் சொல்ல இன்னும் இரண்டு விஷயம் பாக்கி இருந்தது. அவை நாக்குவரை வந்து நின்றுகொண்டன. ஜாடியின் கீறிய மெழுகை விரலால் தடவினார். அப்புறம் பேசியபோது குரல் தணிந்திருந்தது. கோபம் தணியவில்லை.

“நீங்களும் அவங்களோட நின்னு குடிச்சீங்களாம். கண்டக்டர் சொன்னான்.”

“குடிச்சேன்.”

“நல்லாருக்குன்னு சொன்னீங்களாம்.”

“சொன்னேன்.”

“மூணு வருஷம், அம்மா. ஒரு நாள் அந்த ஜாடிப் பக்கம் நீங்க எட்டிப் பார்த்ததில்லை. எப்படி வருதுன்னு ஒரு வார்த்தை கேட்டதில்லை. சரி, குடிக்கிற அன்னிக்கு உங்க முகத்தைப் பார்த்துக்கலாம்னு இருந்தேன். அதை ஒரு கண்டக்டர் பார்த்திருக்கான்! டிக்கெட் கிழிக்கிறவன் பார்த்திருக்கான், நான் பார்க்கலை!”

அம்மா கெண்டியில் மறுபடி வெந்நீர் ஊற்றி, சற்றுப் பொறுத்து, அதே கிண்ணத்தில் சாய்த்தார். குடிக்கும்போது கிண்ணத்தைப் பார்க்கவில்லை. மாசிலாமணிக்குத் தன் முகம் நன்றாகத் தெரியும்படி நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாக நிதானமாகக் குடித்தார்.

“பூ தெரியுது,” என்றார்.

“தெரியுதா?”

“தெரியுது. அன்னிக்கு இஞ்சிதான் தெரிஞ்சுச்சு.”

“அதைத்தானேம்மா வந்ததுல இருந்து கத்திக்கிட்டு இருக்கேன்!”

“மூணாவது தண்ணி எப்படி இருக்கும்?”

“அதுலதான் பூ முழுசா வரும். அதுதான் உசத்தி. அதுக்கு மேல போனா வாசனை குறைஞ்சிடும்.”

அம்மா மூன்றாவது தண்ணீரை வேறொரு கிண்ணத்தில் ஊற்றினார். செண்பக வாசனை அறை முழுக்கப் பரவியது. மாசிலாமணி மேல்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார். அம்மா கிண்ணத்தை அவரைத் தாண்டிக் கொண்டுபோய் வாசல்படி ஓரமாக வைத்தார்.

“வேலப்பனைக் கூப்பிடுங்க.”

நீட்டிய கை அப்படியே நின்றது. மாசிலாமணியின் காது சிவந்தது.

“அவனுக்கா? மூணாவதையா? இதுக்கும் அவன் பால் கேப்பான், அம்மா!”

“கேட்டா, நீங்களே ஊத்துங்க.”