அம்மன் வண்டியும் இரண்டு வாக்கும்

இந்தப் புதிர்க்கதையின் விடை முன்பே தெரிந்தவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருங்கள். மற்றவர்கள் கேளுங்கள்.

ஆவரங்குளத்து முப்பிடாதி அம்மனுக்குத் தேர் கிடையாது. ஆடிக் கொடைத் திருவிழாவன்று இசக்கிப்பாண்டியின் டீசல் பிக்கப் வண்டியில்தான் சப்பரம் கட்டுவார்கள். ஐந்து தெரு சுற்றி வர நாலு மணி நேரம். வண்டியின் கேபின் அம்மன் முகத்தை மறைக்கும் என்று அவளைப் பின்பக்கம் பார்த்து உட்கார வைப்பது ஊர் வழக்கம். ஆகவே நாதஸ்வரமும் கூட்டமும் வண்டிக்குப் பின்னால், சரியாகப் புகைக்குழாயின் வாசலில்தான் நடந்து வரும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஓடியது பழைய வண்டி. மூன்றாவது தெருவில் அது கக்கிய கரும்புகையில் நாதஸ்வர வித்வான் நயினார் இருமிய இருமலில் கல்யாணி ராகம் பாதியிலேயே அறுந்துபோயிற்று. இனிமேல் புகைக்குப் பின்னால் ஊத மாட்டேன் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த வருடம் இசக்கி புது வண்டி எடுத்தான். அதன் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. குழாய் வாயில் வெள்ளை வேட்டியைப் பிடித்தாலும் கறை படாது. "துளி பொகை வராது அண்ணாச்சி, என்னை நம்புங்க" என்று நயினாரின் கையில் அடித்து வாக்குக் கொடுத்தான்.

தர்மகர்த்தா அம்பலவாணர் இன்னொரு வாக்குக் கேட்டார். சப்பரம் நடுவழியில் நின்றால் அம்மனுக்குக் கோபம் என்று ஊர் பேசும்.

"நின்னுச்சுன்னா அடுத்த வருசம் டிராக்டர்தாம்டே."

"நிக்கவே நிக்காது அண்ணாச்சி."

அம்மனை ஓட்டுகிறவன் என்பதுதான் ஊரில் இசக்கிக்கு இருந்த ஒரே மரியாதை. அவனுக்குப் பெண் கொடுத்தவர்கள்கூட அதைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். அதை இழப்பதென்றால் அவனுக்கு உயிரே போனமாதிரி.

ஆனால் அந்த வடிகட்டிக்கு ஒரு குணம். சேர்ந்த கரியை அதுவே எரித்துத் தீர்த்துக்கொள்ளும், அதற்கு வண்டி வேகமாக ஓட வேண்டும். நடை வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருந்தால் அடைத்துக்கொள்ளும். வாங்கிய நாளிலிருந்து ஊருக்குள்ளேயே ஊர்ந்த வண்டியில், கொடையன்று விடிந்ததும் விடியாததுமாக அடைப்பைக் காட்டும் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. இசக்கி மெக்கானிக் டைட்டஸிடம் ஓடினான்.

"கழட்டி எறிஞ்சிட்டு வெறுங் குழாய வெல்டு வச்சிருவோம்ணே. சட்டத்துக்கு ஆகாதுதான். ஆனா வண்டி நிக்காது."

"பொகை?"

"டீசல் வண்டி பின்னே பன்னீரா தெளிக்கும்?"

"கழட்டலேன்னா?"

"வெளக்கு மினுக்க ஆரம்பிச்சா நாலுவழிச் சாலைல அரை மணி நேரம் எழுவதுல வெரட்டணும். இல்லேன்னா நின்ன எடத்துலயே படுத்துரும்."

டைட்டஸ் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் புகுந்தான். "கழட்டு" என்றான் இசக்கி. நயினாரின் முகம் ஞாபகம் வந்தது. "வேண்டாம்" என்றான். தர்மகர்த்தாவின் முகம் ஞாபகம் வந்தது. மறுபடியும் "கழட்டு" என்றான். இப்படியே மதியமாகிவிட்டது. பூ அலங்காரக்காரர்கள் தேடி வந்து வண்டியை இழுத்துப் போனபோது வடிகட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

நாலு மணிக்கு, அம்மனோடு பூசாரியையும் ஏற்றிக்கொண்டு சப்பரம் புறப்பட்டது. நயினார் கல்யாணியைப் போன வருடம் விட்ட இடத்திலிருந்தே எடுத்தார். மூன்றாவது தெரு முடிகிற மூலையில், நாலுவழிச் சாலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், விளக்கு மினுக்கத் தொடங்கியது. இன்னும் இரண்டு தெரு பாக்கி. "தாயே, மன்னிச்சுக்கோ" என்று இசக்கி ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டான். தலையை வெளியே நீட்டி, "பூசாரியய்யா, அம்மனக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க!" என்று கத்தினான். வண்டி பறந்தது.

"ஏலே, அம்மனக் கடத்திட்டுப் போறாம்லே!"

முப்பது பைக்குகள் துரத்திப் போயின. மீதிக் கூட்டம் கலையப் பார்த்தது. நயினார் மட்டும் அசையவில்லை. காலிச் சாலையைப் பார்த்து நின்றபடி அரை மணி நேரம் கல்யாணி வாசித்து, ஊரை அந்த மூலையிலேயே கட்டிப் போட்டார். மூச்சு எங்கேயும் முட்டவில்லை.

வண்டி திரும்பி வந்தபோது விளக்கு அணைந்திருந்தது. மாலைகளில் நார்தான் மிச்சம். பூசாரி குடுமி அவிழ்ந்து, அம்மனை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். வண்டி வந்து சேர்ந்த பிறகும் விடவில்லை. பாக்கி இரண்டு தெருவும் ஒழுங்காக முடிந்தன. புகை வரவில்லை, வண்டியும் நிற்கவில்லை. அம்மன்தான் எல்லை தாண்டி டோல்கேட் வரை போய்வந்துவிட்டாள்.

கொடையை நல்லபடியாக நடத்திக் கொடுத்தவருக்குக் கோயில் வாசலில் பரிவட்டம் கட்டுவார்கள். ஒரே ஒரு பரிவட்டம். டைட்டஸ் முதலில் முன்னால் வந்தான். தான் சொன்ன வைத்தியம்தான் பலித்தது, தன் பேச்சைக் கேட்டுக் கழட்டியிருந்தால் இந்த ஓட்டமே வேண்டியிருக்காது என்றான். ஊர் கலைந்து போயிருந்தால் அம்மன் யாரைப் பார்க்கத் திரும்பி வருவாள் என்று நயினார் கேட்டார். கடைசியாக இசக்கி முன்னால் வந்தான். "குடுத்த ரெண்டு வாக்கையும் காப்பாத்திட்டேன் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான்.

தர்மகர்த்தா துணியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

இந்த மூவரில் யார் செய்தது சரி? பரிவட்டம் எந்தத் தலைக்கு?

விடை: வடிகட்டியைக் கழட்டியிருந்தால் நயினார் முதல் தெருவிலேயே இருமியிருப்பார், அம்மனைப் பார்க்க வந்த ஊர் கரியைத் தின்றிருக்கும். ஆகவே டைட்டஸுக்கு இல்லை. நயினார் செய்தது பெரிய காரியம், ஆனால் அதற்கு மூச்சுக் கொடுத்தது கழட்டாத வடிகட்டி. இசக்கி செய்தது சரிதான், செய்த நேரம்தான் தப்பு. "கழட்டு, வேண்டாம்" என்று வீணடித்த காலைப் பொழுதில் அம்மன் இல்லாமலே அந்த அரை மணி நேரத்தை ஓட்டி முடித்திருக்கலாம். தேர் உள்ள ஊரில் முதலில் வெள்ளோட்டம் விடுவார்கள். இந்த வண்டிக்கும் அது வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பரிவட்டம் பூசாரிக்குப் போயிற்று. யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்காமலே எழுபது கிலோமீட்டர் வேகத்தில் அம்மனைக் கீழே விடாமல் காத்தவர் அவர்தான். அப்போதும் அவர் கையை எடுக்காததால் அம்மனோடு சேர்த்தே கட்டினார்கள். அடுத்த வருடக் கொடை நோட்டீசின் முதல் வரி இது: "காலை 6 மணி: நாலுவழிச் சாலையில் வண்டி வெள்ளோட்டம். ஓட்டுபவர் இசக்கிப்பாண்டி. பூசாரி கலந்துகொள்ள மாட்டார்."