கரண்டிவாயனுக்குக் கொடுத்த வாக்கு

வக்கீல் தொழிலை விட்டுக் காவி கட்டிய பிறகும் நிர்மலானந்தருக்கு வாதாடுகிற வழக்கம் மட்டும் போகவில்லை. அவருடைய குரு தவமணியம்மா அவரைவிட வயதில் ரொம்ப இளையவர். "நம்ம மடத்துக்கு ஈசன் துணை இருக்கோ இல்லையோ, வக்கீல் துணை இருக்கு" என்று அம்மா அடிக்கடி சொல்வதுண்டு.

மடத்துக் குளத்தில் ஒரு காலத்தில் கரண்டிவாயன்கள் கூட்டம் கூட்டமாக மேய்ந்தன. பேருக்கேற்ற பறவை. வெள்ளை உடம்பு, நெட்டைக்கால், நுனியில் கரண்டி மாதிரித் தட்டையாக விரிந்த அலகு. அந்தக் கரண்டியைத் தண்ணீருக்குள் இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே நடக்கும். வேட்டையாலும் வயலுக்கு அடித்த மருந்தாலும் அந்த வட்டாரத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதனால் வனத்துறை வெளியிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்தது. குளக்கரையில் பெரிய வலைக்கூண்டு கட்டி, வளர்த்துத் திறந்துவிடுகிற பொறுப்பை மடத்திடம் ஒப்படைத்தது. மடத்தில் அது நிர்மலானந்தர் தலையில் விழுந்தது.

விழுந்தது என்று சொல்லக் கூடாது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

காலையில் மீன்குஞ்சு வாளியோடு அவர் வருவதைப் பார்த்தால் போதும், எல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவரும். தோளில் கிடக்கும் காவித்துண்டைக் கவ்வி இழுக்கும். அலகால் அவர் காதைத் தட்டும். மடத்துக்கு வருகிறவர்கள் வலைக்கு வெளியே நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். "பறவைக்குத் தெரியும்ங்க, எது நிஜச் சாமின்னு" என்று ஒருத்தி சொன்னதை அவர் காதில் வாங்காத மாதிரி இருந்தார். அன்றைக்கு மட்டும் இன்னொரு வாளி மீன் போட்டார்.

கூண்டைத் திறக்கிற நாள் நெருங்கியது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷத்துக் குஞ்சுகளையும் அவர்தான் வளர்த்தார். திறந்துவிட்டுக் கொஞ்ச நாளைக்குள் எல்லாம் போய்விட்டன. நாய் பிடித்தது என்றார்கள். ஒன்றை மட்டும், எதிர்க்கரையில் காவி வேட்டி கட்டிக்கொண்டு நின்ற எவனோ சாக்கில் போட்டுக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். துரத்திப் பிடிக்கவில்லையாம். அதுவாகவே அவனிடம் நடந்து போனதாம்.

இந்தக் கூட்டமும் போய்விட்டால் இனிக் குஞ்சு கிடையாது என்று வனத்துறை சொல்லிவிட்டது.

அவர் அம்மாவிடம் போனார். "இந்தத் தடவை இதுக பிழைக்கணும். நான் என்னம்மா செய்யணும்?"

தவமணியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பைரவனைக் கூட்டிக்கிட்டுக் கூண்டுக்குள்ள போங்க. குலைக்க விடுங்க. நீங்களும் கம்பைத் தட்டி விரட்டுங்க. நாயைக் கண்டாலும் உங்களைக் கண்டாலும் அதுக ஓடணும்."

பைரவன் என்பது மடத்து நாய்.

"என்னைக் கண்டுமா?"

"உங்களைக் கண்டுதான் முக்கியமா."

"முடியாதும்மா."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவருக்குள் இருந்த வக்கீல் எழுந்து நின்றுவிட்டார்.

"காவி வாங்கின அன்னைக்குக் குளத்துத் தண்ணியில நின்னு நான் என்ன சொன்னேன்? என்னால எந்த உயிருக்கும் பயம் வேண்டாம்னு சொன்னேன். சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

"ஆமா."

"அந்த வாக்குக்கு எனக்கு இருக்கிற சாட்சியே இந்தக் கரண்டிவாயனுகதான். மனுஷங்க யாரும் என்னை நம்பினதில்லை. கோர்ட்ல இருந்த ஆளு."

"அது நியாயம்தான்."

"அதுகளை நாயை விட்டு விரட்டுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க."

அம்மா கீரையை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தார். "துண்டைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கய்யா. திருப்பித் தந்துர்றேன்."

பைரவனைக் கயிற்றில் பிடித்து, காவித்துண்டை அதன் முதுகில் போர்த்தி, வயிற்றுக்கடியில் ஒரு முடிச்சுப் போட்டார் அம்மா. பைரவன் உடம்பைச் சிலுப்பிப் பார்த்தது. முடிச்சு அவிழவில்லை.

"முதல்ல அரிக்கத்தான் செய்யும்" என்று அதனிடம் சொன்னார். "வக்கீலய்யாவும் ஆரம்பத்துல இப்படித்தான் நெளிஞ்சார்."

கூண்டுக் கதவைத் திறந்து நாயை உள்ளே கூட்டிப்போனார். நிர்மலானந்தர் வாசலிலேயே நின்றார்.

காவியைக் கண்டதும் கரண்டிவாயன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவந்தன.

நிர்மலானந்தர் "போ, போ" என்று கத்தினார். அவர் குரலைக் கேட்டதும் அவை இன்னும் வேகமாக ஓடிவந்தன.

முன்னால் வந்த பறவை வழக்கம்போலத் துண்டின் நுனியைக் கவ்வி இழுத்தது. பைரவன் சட்டென்று திரும்பியது. அம்மா கயிற்றைச் சுண்டிய வேகத்தில் நாய் பின்னங்காலில் நின்றது. அதன் வாயில் வெள்ளை இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

பறவை கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு மறுபடியும் நாயை நோக்கி நடந்து வந்தது.

அம்மா நாயை வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"சாட்சியை விசாரிச்சாச்சு" என்றார். "மேற்கொண்டு வாதம் உண்டா?"

"நான் குடுத்த வாக்கு..."

"உங்க பேர்லதான குடுத்தீங்க? பைரவன் பேர்லயும் சேர்த்துக் குடுத்தீங்களா? அந்தச் சாக்குக்காரன் பேர்ல?"



அம்மா துண்டை அவிழ்த்து, உதறி, நீட்டினார். ஓரம் கிழிந்திருந்தது. அவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நாய் வாடை அடித்தது. வேலியோரம் கிடந்த மூங்கில் கம்பை எடுத்தார். பைரவனின் கயிற்றை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டார்.

கதவுக்கு அந்தப் பக்கம் பறவைகள் எல்லாம் கூடி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. வாளி எங்கே என்று தேடுகிற மாதிரி ஒன்று வலைக்கண்ணுக்குள் அலகை நுழைத்தது.

கதவில் கையை வைத்தபடி அவர் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன்மா."

"கேளுங்க."

"விரட்டிருவேன். நல்லாவே விரட்டிருவேன். அப்புறம் நான் அக்கரையில வந்து நின்னாக்கூட என்னைப் பார்த்துட்டுப் பறந்து போயிரும். சாகிற வரைக்கும் என்னைப் பாவின்னுதான் நினைக்கும். என்னால அதுகளுக்குப் பயமே இல்லைன்னு அதுகளுக்கு எப்படிம்மா தெரியும்?"

பைரவன் வாயில் ஒட்டியிருந்த இறகை அம்மா குனிந்து எடுத்தார்.

"தெரியாது" என்றார். "வாக்குக் குடுத்தது நீங்க. உங்களுக்குத் தெரிஞ்சாப் போதாதா?"