விட்டுப்போன நன்றியுரை

பேராசிரியர் தில்லைநாயகம் இருக்கிறாரே, செத்துப்போன கவிஞர்களின் அடிமனத்தைத் தோண்டியே நாலு புத்தகம் போட்டவர். "மனுஷன் எதையும் சும்மா மறக்கமாட்டான். மனசுக்கு வேண்டாததைத்தான் மறப்பான்" என்பதுதான் அவருடைய வேதம்.

அவரிடம் டைப் அடிக்கும் ஓர் அம்மா, ஐந்தாவது புத்தகத்தில் நன்றியுரைப் பக்கத்தை விட்டுவிட்டார். பேராசிரியர் தம் வீட்டில் மாணவர்களான எங்கள் ஒன்பது பேர் முன்னால் அவரை நிறுத்திவைத்தார்.

"மறந்துட்டேன்னு சொல்லித் தப்பிக்க முடியாதும்மா. உள்ளே என்ன வெறுப்புன்னு இவங்க முன்னால சொல்லணும். இல்லேன்னா நாளையிலேருந்து வரவேண்டாம்."

"சொல்றேன் சார். அதுக்கு முன்னால என் பேரை ஒரு தடவை சொல்லுங்க."

பேராசிரியர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"பதினோரு வருஷமா இங்கேதான் டைப் அடிக்கிறேன். அந்த நன்றியுரையில உங்க நாய் பேரு கூட இருக்கு. இது என்ன மறதின்னு நீங்களே சொல்லிடுங்க சார்."

பேராசிரியர் உதவிக்கு எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். என் ஆய்வேட்டையும் அந்த அம்மாதான் அடித்துக் கொடுத்தார்.

மறுநாள் அந்த அம்மா வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று அவருடைய தெருவரைக்கும் போனேன். யார் வீடு என்று விசாரிக்க என்னிடம் பெயர் இல்லை.