குருவம்மாள் கிள்ளிய பூ

மாங்காயை உப்புத் தொட்டுத் தின்னலாம் என்று மனிதர்கள் கண்டுபிடித்துக் கொஞ்ச நாளே ஆகியிருந்த காலத்தில், கொன்றைவாயில் என்ற நாட்டைப் பெருநம்பி என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல ராஜா. வரி குறைவு, சண்டை குறைவு, சாப்பாடு மட்டும் கொஞ்சம் அதிகம்.

அவரிடம் ஒரு குதிரை இருந்தது. பெயர் மின்னல். பெயர் வைத்தவர் அது நடந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. அது அவசரப்படுவதற்கு உலகத்தில் இரண்டே காரணங்கள்தான் உண்டு. ஒன்று மாம்பழம், இன்னொன்று உப்பு. இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த நாட்டில் ஓர் ஆறு ஓடியது. ஒரு வருஷம் வெள்ளம் வந்து வடிந்தபோது, ஆறு கொஞ்சம் நகர்ந்து படுத்துக்கொண்டது. அது விட்டுப்போன வண்டல் நிலத்தை ராஜா ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மூன்று மனைகளாகப் பிரித்து, வீடில்லாத மூன்று குடும்பங்களுக்குக் கொடுத்தார். கூடவே வீட்டுக்கு ஒரு மாங்கன்றும் கொடுத்தார். எல்லாம் அரண்மனைத் தோட்டத்துக் கன்றுகள், மூன்றாம் வருஷமே பூக்கிற ஜாதி.

"மூணு வருசம் கழிச்சு வருவேன். கன்னு மரமா நின்னா மனை உங்களுக்கு. நிக்கலேன்னா வேற ஊர் பாத்துக்குங்க" என்று அரண்மனையில் இருந்தபடியே சொல்லியனுப்பினார் ராஜா. கொல்லையில் மரம் வளர்க்கிறவன் ஊரை விட்டு ஓடமாட்டான் என்பது அவர் எண்ணம்.

ராஜா சொன்னதை வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலை மணியக்காரர் அம்பலத்தாடிக்கு. அவரிடம் ஒரு பேச்சைக் கொடுத்தால் இரண்டாகத்தான் திருப்பித் தருவார். "மரம் நின்னா மட்டும் போதாது. ராஜா வர்ற அன்னிக்கு மரத்துல பழம் தொங்கணும். தொங்கலேன்னா மூட்டையைக் கட்டிர வேண்டியதுதான்" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போனார். மூன்று வீட்டாரும் அதை அப்படியே நம்பினார்கள்.

முதல் மனை சடையாண்டிக்கு. விருந்து வைத்து வைத்தே பழைய வீட்டைத் தொலைத்த மனிதர் அவர். இங்கே வந்தும் குணம் மாறவில்லை. வாசலுக்குப் பக்கத்திலேயே கன்றை வைத்தார். வருகிறவர்கள் கால் கழுவிவிட்டுத்தானே உள்ளே வருவார்கள்? அந்தத் தண்ணீரைக் கன்றின் தூரிலேயே ஊற்றிக் கழுவச் சொன்னார். விருந்தாளியின் கால் பட்ட தண்ணீர் குடித்த மரம் அமோகமாகக் காய்க்கும் என்பது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த சாஸ்திரம். காலையில் பத்துப் பேர், மத்தியானம் இருபது பேர், சாயங்காலம் கணக்கே இல்லை. கன்று எந்நேரமும் குளித்துக்கொண்டே நின்றது.

இரண்டாம் மனை கொண்டப்பனுக்கு. அவர் பழைய வீடு ஆடிக்காற்றில் கூரையோடு போய்விட்டது. அன்றிலிருந்து யாராவது பெருமூச்சு விட்டால்கூட அவர் தூணைப் பிடித்துக்கொள்வார். கன்றை வைத்ததும் அதற்கு ஒரு முட்டுக்கம்பு கொடுத்தார். மனம் ஆறவில்லை, இரண்டாவது கொடுத்தார். அப்படியே ஏழு கம்புகள் ஆயின. ஏழையும் ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து, சுற்றிலும் ஓலைத்தட்டி கட்டிவிட்டார். காற்று அந்தக் கன்றைப் பார்க்க வேண்டுமானால் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் வர வேண்டும்.

மூன்றாம் மனை குருவம்மாளுக்கு. அவளும் புருஷன் முத்திருளனும் உப்பு விற்கிறவர்கள். ஒரு கழுதை, அதன் முதுகில் உப்பு மூட்டை, அதன் மேல் சட்டி பானை, இவ்வளவுதான் குடும்பம். இருபது வருஷமாக வழியில் எந்த மரம் கிடைக்கிறதோ அதுதான் அவர்களுக்கு வீடு. "இது யார் எடம், எந்திரி" என்று எத்தனையோ பேர் அவளை எத்தனையோ நிழலிலிருந்து எழுப்பியிருக்கிறார்கள். அதனால் அந்த மனையில் முதன்முதலாகக் கால் வைத்தபோது, யாராவது எழுப்ப வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

ஆனால் அழுதுகொண்டே இருக்கிறவள் அல்ல அவள். இருபது வருஷம் மரத்தடியில் படுத்தவளுக்கு எந்த மரம் விழும், எந்த மரம் நிற்கும் என்பது தெரியும். கன்றை வைத்து, ஆடு வராமல் முள்வேலி போட்டு, ஒரே ஒரு கம்பு நட்டு, மண் காயாமல் இலைச்சருகைத் தூரில் மூடாக்காகப் போட்டாள். பிறகு தொடங்கியது வேடிக்கை.

முதல் வருஷம், கன்று வேர் பிடித்ததும், தூரில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள். ஒரு முழம் தள்ளிச் சுற்றிலும் வட்டமாகப் பள்ளம் வெட்டி அதில் ஊற்றினாள். அதையும் தினமும் ஊற்றவில்லை, மண் காய்ந்த பிறகுதான் ஊற்றினாள். சடையாண்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, பச்சைக் கன்னுக்குத் தண்ணியை எட்டக் காட்டி ஏமாத்துறியே. குருவம்மா, உன் நெஞ்சுல இருக்கிறது ஈரமா, உப்பா?"

"வேரு தேடிப் போவட்டும் அண்ணே" என்றாள்.

இரண்டாம் வருஷம், ஆடி பிறப்பதற்கு முன்னால், இருந்த ஒரே கம்பையும் பிடுங்கிவிட்டாள். காற்று வந்தது. கன்று குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. கொண்டப்பனால் பார்க்க முடியவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பார்த்தார்.

"இந்தக் காத்துல தனியா விட்டுட்டியே. குருவம்மா, உன் நெஞ்சுல இருக்கிறது ஈரமா, உப்பா?"

"ஆடி ஆடித்தானண்ணே தண்டு தடிக்கும்" என்றாள். சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய், காற்று அடங்கும்வரை கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். அது கொண்டப்பனுக்குத் தெரியாது.

மூன்றாம் வருஷம் தை மாதம், மூன்று மரமும் பூத்தன. சடையாண்டி ஊரைக் கூப்பிட்டு விருந்து வைத்தார். எல்லோரும் கால் கழுவினார்கள். கொண்டப்பன் பூவுக்குத் திருஷ்டி சுற்றினார். குருவம்மாள் மரத்தடியில் நின்று எண்ணினாள். ஏழு பூங்கொத்து இருந்தது. ஒவ்வொன்றாகக் கிள்ளத் தொடங்கினாள்.

முத்திருளன் பதறிப்போய் ஓடி வந்தான். "அடி பாவி, என்ன காரியம் பண்றே? ராசா வர்றப்ப பழம் தொங்கணும்னு மணியக்காரர் சொன்னாரே."

"இந்தாருங்க, இது இன்னும் பச்சைப்புள்ள. வளர்ற வயசுல தலையில தண்ணிக்கொடத்தை ஏத்தினா இடுப்பு ஒடிஞ்சிராதா? இப்பக் காய்ச்சா வளர்த்தி நின்னுரும்."

"ஒரே ஒரு கொத்தை விட்டுரு புள்ள. ஒரே ஒரு பழம். ராசா கண்ணுல காட்ட."

ஆறு கொத்து கையில் இருந்தது. ஏழாவது கொத்தில் அவள் கை நின்றுவிட்டது. அந்த ஒரு கொத்து இருந்தால் வீடு இருக்கும். இல்லாவிட்டால் மறுபடி கழுதை, மறுபடி ரோடு, மறுபடி "எந்திரி".  பிறகு அதையும் கிள்ளினாள். கிள்ளிய பூவை எறிய மனசு வராமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். இந்தத் தடவை இரண்டு பக்கத்து வேலியிலிருந்தும் இரண்டு குரல் வந்தது.

"குருவம்மா, உன் நெஞ்சுல இருக்கிறது ஈரமா, உப்பா?"

 அன்றைக்கு அவளுக்கே அது சந்தேகமாக இருந்தது.

வைகாசி மாதத்தில் ஒரு நாள், உச்சி வெயிலில், ஒரு சேவகனோடும் மணியக்காரரோடும் ராஜா வந்தார். மின்னல் வழக்கம்போல ஆடி அசைந்து வந்தது. மாம்பழ வாசனை அடித்ததும் அதன் காது நிமிர்ந்தது.

சடையாண்டி வீட்டு மரத்தில் ஒரு பழம் தொங்கியது. ராஜா இறங்கிக் கால் கழுவுவதற்குள், மின்னல் கழுத்தை நீட்டிப் பழத்தைக் கவ்வி ஓர் இழு இழுத்தது. பழம் வந்தது, பழத்தோடு கிளை வந்தது, கிளையோடு மரமே வந்துவிட்டது. வேர் எங்கே என்று எல்லோரும் தேடினார்கள். மூன்று வருஷம் சேற்றில் ஊறி அழுகி, பழைய துடைப்பக்கட்டை மாதிரி கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. வாயில் மரத்தைத் தொங்கவிட்டபடி குதிரை நிதானமாக மென்றது.

கொண்டப்பன் வீட்டு மரத்தில் மூன்று பழங்கள். நடந்ததைப் பார்த்திருந்த கொண்டப்பன், "குதிரையை இறுக்கிக் கட்டுங்க சாமி, இறுக்கிக் கட்டுங்க" என்று கெஞ்சினார். சேவகன் சுற்றுமுற்றும் பார்த்தான். கட்டுவதற்கு அங்கே இருந்தது முட்டுக்கம்புதான். கட்டினான். மின்னல் பழத்தைப் பார்த்து ஓர் எட்டு வைத்தது. முதல் கம்பு சாய்ந்தது, கயிறு இழுத்து இரண்டாவது சாய்ந்தது, அப்படியே ஏழும் படுத்தன. மரம் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாக நிற்கிறது, பாவம். பிறகு மெதுவாக ராஜாவின் காலடியில் விழுந்து நமஸ்காரம் செய்தது. மூன்று பழத்தையும் மின்னல் கீழேயே தின்று முடித்தது.

பழம் கிடைக்காத கோபத்தோடு ராஜா மூன்றாவது வீட்டுக்கு வந்தார். அங்கே முத்திருளன் ஏற்கெனவே கழுதை மேல் சட்டி பானையை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"பழம் எங்கம்மா?" என்றார் ராஜா.

"பூவுலயே கிள்ளிட்டேன் மகாராசா."

ராஜா வாழ்நாளில் அவ்வளவு கொடுமையான வார்த்தையைக் கேட்டதில்லை. மணியக்காரர் முன்னால் வந்தார். "பழம் இல்ல, மனையும் இல்ல. கெளம்பும்மா, எந்திரி" என்றார்.

அந்த ஒரு சொல் போதும் குருவம்மாளுக்கு. இருபது வருஷமாக அந்தச் சொல்லுக்கு எழுந்து போனவள், இந்தத் தடவை நகரவில்லை. முந்தானையில் இருந்த காய்ந்த பூ முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மகாராசா, அந்த ரெண்டு வீட்டுலயும் மரத்தைச் சோதிச்சது உங்க குதிரைதான். என் மரத்தை மட்டும் அது இன்னும் சோதிக்கல. இந்த மரத்துலயே கட்டிப் பாருங்க" என்றாள்.

ராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும். கட்டச் சொன்னார். மரத்தில் பழம் இல்லாததால் மின்னல் கொட்டாவி விட்டது. உப்பென்றால் எந்த மிருகமும் நாக்கை நீட்டும் என்று தெரிந்த குருவம்மாள், கழுதையிடம் போய், மூட்டையைப் பிரித்து, பெரிய உப்புக்கட்டி ஒன்றை எடுத்து வந்தாள். கயிறு எட்டாத தூரத்தில் அதை வைத்தாள்.

இப்போது பாருங்கள் குதிரையை. ஓர் இழு இழுத்தது, மரம் வளைந்து நிமிர்ந்தது. இரண்டாவது தடவை இழுத்தது, இலை இரண்டு உதிர்ந்தது, மரம் வளைந்து நிமிர்ந்தது. மூன்றாவது தடவை முன்கால் இரண்டையும் மண்ணில் புதைத்துக்கொண்டு இழுத்தது. மரம் குனிந்துகொண்டே போனது. முத்திருளன் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். கொண்டப்பன் விரல் இடுக்கையும் மூடிவிட்டார். குருவம்மாள் முந்தானை முடிச்சை விடவில்லை.

படார் என்று ஒரு சத்தம்.

அறுந்தது கயிறு. மரம் சிலிர்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. மின்னல் உப்பை நக்கிவிட்டு, களைத்துப்போய், அந்த மரத்து நிழலிலேயே வந்து படுத்தது. வெயில் தாளாமல் ராஜாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று வீட்டில் அவருக்கு உட்கார நிழல் கிடைத்தது அங்கேதான்.

"ஆமா, பழம் வேணும்னு உங்களுக்குச் சொன்னது யாரு? மரம் நிக்கணும்னுதானே நான் சொன்னேன்" என்றார். மணியக்காரர் அம்பலத்தாடி தரையில் ஓர் எறும்பை மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

மனை குருவம்மாளுக்கு ஆனது. முத்திருளன் கழுதை மேல் ஏற்றியதை எல்லாம், அவன் இதுவரை காட்டாத சுறுசுறுப்போடு இறக்கினான். அவளோ ராஜாவிடம் இன்னொன்று கேட்டாள். அந்த இரண்டு வீட்டாருக்கும் இன்னொரு கன்றும் இன்னும் மூன்று வருஷமும் வேண்டும் என்றாள். வீடில்லாத வலி அவளுக்குத் தெரியும். ராஜா கொடுத்தார்.

சடையாண்டி கால் கழுவுகிற இடத்தில் வாழையை வைத்து, மாங்கன்றைக் கொல்லைக்குக் கொண்டுபோனார். வாழை குடித்துக் கொழுத்தது, மாங்கன்று பிழைத்தது. கொண்டப்பன் ஒரே கம்போடு நிறுத்திக்கொண்டார். ஆடி மாதம் அந்தக் கம்பையும் எடுத்துவிட்டுக் கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். காற்று நிற்கும்வரை அவரும் கன்றும் இருவருமாக நடுங்கினார்கள்.

அடுத்த வருஷம் குருவம்மாள் மரம் பூத்தபோது அவள் ஒரு பூவையும் தொடவில்லை. முதல் காய்ப்பில் ஒரு கூடை மாம்பழமும், அதற்குள்ளேயே ஒரு சின்ன ஓலைக்கொட்டானில் உப்பும் அரண்மனைக்குப் போயின. இரண்டும் ஒரே கூடையில் வருவதை மோப்பம் பிடித்த மின்னல், அன்றைக்குத்தான் தன் பெயருக்குத் தகுந்தபடி ஓடியதாம்.

வழியில் போகிற உப்புக்காரர்கள் மத்தியானத்தில் அந்த மரத்தடியில் வந்து படுப்பார்கள். அவர்கள் உள்ளே வரக் குருவம்மாள் வேலியில் ஒரு வழி விட்டிருந்தாள்; அவர்களை யாரும் எழுப்பக் கூடாது என்றும் சொல்லியிருந்தாள்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: எதை வளர்த்தாலும், அது நம்மைப் பிடித்துக்கொள்ளாமல் தன் காலிலேயே நிற்கும்படி வளர்ப்பதே மெய்யான அன்பு.