வேகவைத்த மண்

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்து நான்கு. அதனால் குரு சீடரை "சார்" என்றார், சீடர் குருவை "மேடம்" என்றார். சோலைக்காட்டின் ஓரத்து ஆய்வுக் குடிலில் இருவருக்கும் இதில் ஒரு சங்கடமும் இல்லை.

குரு இசக்கியம்மாள், காட்டு மண்ணையும் அதில் வாழும் பூஞ்சைகளையும் ஆராய்கிறவர். சீடர் தெய்வசிகாமணி, தாவரவியல் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்தவர். "பேரன் எடுக்கிற வயசுல டாக்டராமே!" என்று ஊரே சிரித்தபோது தானும் கூடச் சிரித்துவிட்டுப் பெட்டியைக் கட்டியவர்.

பங்குனியில், பேறுகால விடுப்பு முடிந்து குரு மலையேறி வந்த அன்று, சீடர் வாசலிலேயே நின்றார். முகம் வாடியிருந்தது.

"நாப்பது நாவல் கன்னு மேடம். எட்டு மாசமாச்சு, விரல் உசரத்துக்கு மேல வரல. ஆடிக்குள்ள துளிர் விடலன்னா, இதுகளை நட ஒதுக்கியிருக்கிற மொட்டை மேட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம்னு வனத்துறையில சொல்லிட்டாங்க. அதோட என் ஆராய்ச்சிக்கு மங்களம்தான்."

குரு நாற்றுப் பைகளின் முன்னால் குந்தினார்.

"கன்னெல்லாம் ஏன் மேடம் இப்படி நோஞ்சானா, பூஞ்சையா இருக்கு?"

"பூஞ்சை இல்லாததாலதான் சார் பூஞ்சையா இருக்கு" என்று குரு சிரித்தார். சீடருக்குச் சிரிப்பு வரவில்லை.

"மண்ணை என்ன செஞ்சீங்க?"

அதைக் கேட்டதும் சீடரின் முகம் மலர்ந்தது. "சலிச்சேன். கல்லு, வேரு, சருகு எல்லாம் பொறுக்கினேன். அப்புறம் பெரிய இட்லிப் பானையில வச்சு ரெண்டு மணி நேரம் வேகவிட்டேன். ஒரு பூச்சி கிடையாது, ஒரு கிருமி கிடையாது. பச்சைப் புள்ளைக்குச் செய்யற மாதிரி செஞ்சேன். நான் என்ன குறை வச்சேன், நீங்களே சொல்லுங்க."

"குறையே வைக்கல சார். எதையும் மிச்சமும் வைக்கல."

சீடர் விழித்தார். குரு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அது கிடக்கட்டும். நாளைக்குத் தயிர்சாதம் சாப்பிடணும்போல இருக்கு. கொஞ்சம் பால் காய்ச்சுங்களேன்."

சீடர் பாலைப் பொங்கக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்ற மோர்க் கிண்ணத்தை எடுத்தார். குரு தடுத்தார்.

"ஐயோ, மோர் எதுக்கு? பழசு, புளிச்சது. அதுல எத்தனை கிருமியோ! பாலைத்தான் சுத்தமாக் காய்ச்சியாச்சே, மூடி வைங்க. தன்னால தயிராயிடும்."

"அதெப்படி மேடம் ஆகும்? என் வீட்டம்மா கேட்டா வயிறு வலிக்கச் சிரிப்பா, உறை ஊத்தாம எங்கயாச்சும்..."

பாதியில் நிறுத்தினார். கிண்ணத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே நாற்றுப் பைகளைப் பார்த்தார். தலையில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! நாப்பது பைக்கும் உறை ஊத்தாமல்ல வச்சிருக்கேன்!"

கிண்ணத்தைப் போட்டது போட்டபடி காட்டுக்குள் ஓடினார். செருப்புகூட மாட்டவில்லை. முதிர்ந்த நாவல் மரத்தடியில் சருகை விலக்கினார். அடியில் கறுத்த ஈரமண். அதற்குள் வெள்ளை வெள்ளையாய், வேருக்குச் சத்து ஊட்டும், நூலைவிட மெல்லிய பூஞ்சை இழைகள் வேரோடு வேராகப் பின்னிக் கிடந்தன. வேகாத மண். பிடிபிடியாக அள்ளி வந்து, ஒவ்வொரு கன்றின் வேரருகிலும் ஒரு பிடி வைத்து மூடினார்.

அன்று பாலுக்குக் குருவே உறை ஊற்றினார்.

ஆடி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது, "மேடம்! மேடம்!" என்று மலையே எதிரொலிக்கக் குரல் வந்தது. முப்பத்தேழு கன்றுகளில் செம்பு நிறத்தில் தளிர் பளபளத்தது. ஐம்பத்து நான்கு வயது ஆள் சேற்றில் குதித்துக்கொண்டிருந்தார். வனத்துறைக்காரர் வந்து பார்த்து, "மேடு உங்களுக்குத்தான் சார், முதல்ல காலைக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் சீடருக்கு அந்த யோசனை வந்தது.

"மேடம், அந்த ஒரு பிடி மண்ணுல நூறு வகைப் பூஞ்சை இருக்கும். வேலை செஞ்சது எதுன்னு கண்டுபிடிச்சு, அதை மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்துட்டா என்ன? அடுத்த தடவை அந்த ஒண்ணைப் போட்டாப் போதுமே!"

"தாராளமாப் பிரிக்கலாம் சார்" என்றார் குரு. "பிரிச்ச பிறகு அதுக்குத் துணைக்கு யாரைப் போடுவீங்க?"